நானூறு பக்கத்தில் ஒரு மலசலகூடம்கூட இல்லை

செப்டெம்பர் 9, செவ்வாய்

வாசிப்பு மாதத்துக்கு இந்த முறை கட்டுரைப் போட்டியும் பேச்சுப் போட்டியும் போதாதாம். எங்கள் பிரதேச சபைக்குப் புதிதாக வந்திருக்கும் செயலாளர் மதனகோபால் காலையிலேயே நூலகத்துக்கு வந்து, இளம் ஆட்களை உள்ளே இழுக்க ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் நடக்கும் வரலாற்றுக் காதல் நாவல்கள். அவற்றுக்குத் தனி அலமாரி. ஒக்ரோபர் பதினான்காம் திகதி, அவற்றில் ஆகச் சிறந்த ஒன்றைப் பற்றிக் கலந்துரையாடல். தேடிப் பிடிப்பதும் மேடையில் பேசுவதும் நூலகர் தவமலர், அதாவது நான்.

வரலாறு என்றால் எந்த வரலாறு சேர் என்று கேட்டேன். எங்கட கடைசிச் சண்டைதான் என்றார். அந்தச் சண்டைக்குள் நான் இருந்தபோது எனக்கு இருபது வயது. தலை இன்னும் முழுதாக நரைக்கவில்லை, அதற்குள் நான் வரலாறாகிவிட்டேன். சேர் அப்போது கொழும்பில் ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்திருப்பார். வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

அலமாரிக்கு ஆள் தேட வேண்டியதில்லை. என் மனுசன் சிவரூபன் இரும்பு ஒட்டும் வெல்டிங் கடைதான் வைத்திருக்கிறார். சாப்பிடும்போது விஷயத்தைச் சொன்னேன். அளவைச் சொல்லும் என்றார். மனுசனுக்குப் பேச்சு என்றால் இரும்பை விட விலை.

செப்டெம்பர் 12, வெள்ளி

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர்ச் சங்கத்திடமிருந்து பெட்டி வந்தது. முப்பது நாவலாவது இருக்கும். தூசு தட்டி, முத்திரை குத்தி, முதல் நாவலைக் கையில் எடுத்தேன். சிவப்பு அட்டை. மூன்றாம் பக்கத்திலேயே நாயகி கிளிநொச்சி நகரக் கடற்கரையில் காலை நனைத்துக்கொண்டு நிற்கிறாள். கிளிநொச்சி நகரத்தில் இருப்பது குளம். கடல் வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். எழுதியவர் பின் அட்டையில் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டு பனிக்குள் நின்று சிரிக்கிறார். ஒரு தொலைபேசி எடுத்து யாரையாவது கேட்டிருக்கலாம்.

இரவு: அரிசி ஊறப் போட மறந்துவிட்டேன். நாளைக்குக் கடைப் பாண்தான்.

செப்டெம்பர் 13, சனி

இரண்டாவது நாவல். நாயகன் செத்தான்.

செப்டெம்பர் 14, ஞாயிறு

மூன்றாவது. இதில் நாயகி செத்தாள். நாயகன் அவள் கைக்குட்டையோடு கப்பல் ஏறுகிறான்.

செப்டெம்பர் 17, புதன்

இன்றைக்கு எடுத்தது நானூறு பக்கம். செயலாளருக்கு இதன் அட்டைப்படம் பிடித்துவிட்டது, இதைத்தான் மேடைக்கு வைக்க வேண்டும் என்று நிற்கிறார். நான் படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.

படித்தேன். பங்கருக்குள் நிலா வெளிச்சம் விழுகிறதாம், அதில் அவளுடைய கன்னம் பளபளக்கிறதாம். பனங்குற்றி அடுக்கி, மேலே மண்மூட்டை போட்டு மூடிய குழிக்குள் நிலா விழுகிறதென்றால் ஷெல்லும் விழும். அந்தப் பங்கரை வெட்டியவனைப் பிடித்து உதைக்க வேண்டும். எங்கள் பங்கருக்குள் விழுந்தது தவளை. நாயகிக்கு மல்லிகை வாசமாம். ஏழு ஊர் இடம்பெயர்ந்த பிறகும் அதே வாசம். குளிக்கத் தண்ணீர் இல்லாமல் தலை சிக்குப் பிடித்துப் பேன் ஊர்ந்ததை யார் எழுதுவது?

இன்னொன்று. இந்த நானூறு பக்கத்திலும் அந்தப் பெண் ஒரு தடவைகூட வெளிக்குப் போகவில்லை. ஏழு ஊர், ஆயிரக்கணக்கான சனம், வெட்டவெளி. எங்களுக்கு ஷெல்லுக்கு அடுத்த பயம் அதுதான். ஷெல் விழாத நாளில் அதுதான் முதல் பயம். இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்து, தண்ணீர் குடிக்காமல் கிடந்து காய்ச்சல் கண்ட பெண்களை எனக்குத் தெரியும். எனக்கு அந்தத் தொல்லை பெரிதாக இருக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் நாவலில் ஒரு வரியாவது வேண்டாமா? காதலிக்கிறவளுக்கு வயிறே இல்லையா?

தலையிடி. தைலம் பூசிக்கொண்டு படுக்கப் போகிறேன்.

செப்டெம்பர் 19, வெள்ளி

கிருபா அத்தான் கனடாவிலிருந்து கதைத்தார். சிவரூபனுடைய அண்ணன். நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன், இவர் கை முழுக்க எண்ணெய் என்பதால் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தார். அங்கே ஒரு கொம்பனியில் ஒட்டு வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம். அத்தான் எல்லாம் பேசி வைத்துவிட்டார். முகவர் கேட்கிறார், ஆள் குடும்பக்காரனா தனியாளா என்று.

"உங்கட கலியாணம் பதியேல்லைத்தானே. தனியாள் எண்டு போட்டா சுகமா வந்திடலாம். ஒக்ரோபர் பதினைஞ்சுக்கு முதல் முடிவைச் சொல்லு."

இவர் பாப்பம் என்றார்.

தேங்காய் நன்றாக இருந்தது. சம்பலுக்கு உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது. இருவரும் சாப்பிட்டு முடித்தோம்.

ஐந்தாவது, ஆறாவது நாவல்கள்: குப்பை.

செப்டெம்பர் 21, ஞாயிறு

பெட்டியில் கால்வாசி முடிந்தது. எல்லாவற்றிலும் கண்டதும் காதல். சந்தையில் கண்டார்கள், சோதனைச் சாவடியில் கண்டார்கள், ஆஸ்பத்திரியில் கண்டார்கள். எங்களைப் போலக் கலியாணம் கட்டியவர்கள் ஒருவர்கூட இல்லை. நாங்கள் ஒருவரா இருவரா, வன்னி முழுக்க இருந்தோம்.

இரண்டாயிரத்து ஏழில் இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளை கேட்டு வந்தது. கலியாணம் கட்டியவர்களைக் கூட்டிப் போக மாட்டார்கள் என்று ஒரு பேச்சு. அவ்வளவுதான், ஊரில் கண்ட நாள் நின்ற நாள் எல்லாம் முகூர்த்தம். என் அப்பாவும் சிவரூபனின் அம்மாவும் சங்கக்கடை வரிசையில் நின்றபடியே பேசி முடித்தார்கள். பிள்ளைகள் இரண்டும் தப்பட்டும், பிரச்சினை முடிய அவரவர் விருப்பம் என்று. அந்தக் காலை பிள்ளையார் கோயிலில் எங்களோடு சேர்த்து நாலு சோடி. பூமாலை ஒரு சோடிதான் இருந்தது, நாலு சோடியும் கழற்றிக் கழற்றிப் போட்டோம். என் முறை வந்தபோது பூ பாதி உதிர்ந்திருந்தது. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டு. ஐயர் அவசரத்தில் என் பெயருக்குப் பதில் பக்கத்துச் சோடிப் பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டார், பிறகு திருத்தினார். அந்த வேளையில் இவர் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. நான் பார்த்தேன். காது பெரிய காது என்று நினைத்தேன்.

பிரச்சினை முடிந்தது. அப்பா மாத்தளனில் செத்துப்போனார். முகாமில் குடும்பம் என்று ஒரு அட்டை தந்தார்கள். திரும்பி வந்தோம், குடும்பம் என்று வீட்டுத்திட்டம் தந்தார்கள். ஒரே வீடு, ஒரே பாய். பிள்ளை தங்கவில்லை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விடுபட்ட கலியாணங்களைப் பதியவென்று நடமாடும் சேவை வந்தது. போவமா என்று கேட்டேன். பாப்பம் என்றார். அடுத்த முறை அவர்கள் வந்தபோது நான் கேட்கவில்லை. ஒருவர் வாசற்கதவைத் திறந்தே வைத்திருக்க விரும்பினால் அதைப் போய் நான் சாத்துவதா? கெஞ்சுவது என் குணம் இல்லை.

இதையெல்லாம் ஏன் எழுதுகிறேன்? நாவலைப் பற்றி எழுத வந்தேன்.

செப்டெம்பர் 27, சனி

அதிசயம். பத்திரிகையில் விளையாட்டுப் பக்கம் தவிர வேறு எதையும் வாசிக்காத மனுசன், நான் தூக்கி எறிந்த சிவப்பு அட்டை நாவலை எடுத்து வைத்துக்கொண்டு வரிக்கு வரி விரல் வைத்து வாசிக்கிறார். அதை வாசித்துக் கண்ணைக் கெடுக்காதீர்கள் என்றேன். கிளிநொச்சியில கடல் எங்க இருக்கு என்று கேட்டார். நான் சிரித்துவிட்டேன். சிரித்ததற்குப் பிறகு என் மேலேயே கோபம் வந்தது.

ஒக்ரோபர் 2, வியாழன்

பெரிய உடுப்புப் பெட்டியை வீட்டு அலமாரிக்கு மேலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறார். சும்மாதானாம்.

ஒக்ரோபர் 5, ஞாயிறு

சிவப்பு அட்டையை முடித்துவிட்டார். அதில் நாயகன் வெளிநாடு போய்ப் பதினைந்து வருடம் கழித்து வருகிறான், அவள் அதே வீட்டுப் படலையில் அதே சேலையோடு நிற்கிறாள். புட்டைப் பிசைந்தபடி இந்தப் பெடியன் ஏன் போனவன் என்று கேட்டார். எழுதியவருக்கு வேறு வழி தெரியவில்லை என்றேன். அவர் பிசைவதை நிறுத்தினார்.

"அவள் போக வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நிண்டிருப்பான்."

"அவன் அவளிட்டக் கேட்டவனோ?"

"கேட்டாப் பாவம், அவள் மனசில்லாட்டியும் முகத்துக்காக ஓம் எண்டு சொல்லிப்போடுவாள்."

இவ்வளவு நேரம் ஒரு நாவலைப் பற்றி நாங்கள் கதைத்ததே பெரிய விஷயம். சாப்பாட்டுக் கோப்பையை அவரே கழுவி வைத்தார். எனக்குப் புட்டு இறங்கவில்லை, நாய்க்கு வைத்தேன்.

ஒக்ரோபர் 9, வியாழன்

அலமாரி வந்தது. குறை சொல்ல முடியாத வேலை. மூலைகளை எல்லாம் அராவி மழுக்கியிருக்கிறார், பிள்ளைகள் கை கீறாதபடி. செயலாளர் தடவித் தடவிப் பார்த்தார். நல்ல கையுள்ள மனுசன், இவரை மாதிரி ஆட்கள் வெளியில் போனால் நன்றாக உழைக்கலாம் என்று என்னிடமே சொல்கிறார். ஆமாம் சேர் என்றேன்.

முப்பது நாவலும் படித்தாகிவிட்டது. நல்லது ஒன்றுமில்லை. இரண்டு மூன்று பரவாயில்லை, அவற்றில் காதல் இல்லை. காதல் இருப்பவற்றில் போர் இல்லை, சத்தம்தான் இருக்கிறது. செயலாளர் நானூறு பக்கத்தையே அறிவித்துச் சுவரொட்டியும் அடித்துவிட்டார். என் பெயர் பெரிய எழுத்தில் இருக்கிறது, தப்பவும் முடியாது.

பதினைந்தாம் திகதியைப் பற்றி வீட்டில் ஒரு மூச்சும் இல்லை. அத்தான் இரண்டு முறை எடுத்துவிட்டார், இவர் போனைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போகிறார். நானும் கேட்கவில்லை. கேட்டால் எனக்காக நின்றதாக ஆகிவிடும். பிறகு காலம் முழுக்க அந்த முகத்தை யார் பார்ப்பது?

ஒக்ரோபர் 14, செவ்வாய்

நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நூலகம் நிரம்பிவிட்டது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி வந்திருந்தார்கள். மேடையில் நானூறு பக்கத்தோடு எழுந்து நின்று, கதையை ஒரு பத்து நிமிடம் மரியாதையாகச் சொன்னேன். நிலா வெளிச்சம்வரை வந்தேன். அதற்கு மேல் முடியவில்லை. இது நல்ல நாவல் இல்லை என்று சொல்லிவிட்டேன். செயலாளருடைய முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பங்கரைச் சொன்னேன், மல்லிகையைச் சொன்னேன், பிள்ளைகள் சிரித்தார்கள். அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள்.

"அப்ப சண்டைக்குள்ள உண்மையான காதல் எப்பிடி மிஸ் இருந்தது?"

ஒரு மாதமாக வயிற்றெரிச்சல். யோசிக்காமல் வாய் திறந்துவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒருவர் இருந்தார் என்று தொடங்கினேன். ஒவ்வொரு ஊராக ஓடியபோதும், போய் இறங்கியதும் எல்லா ஆம்பிளைகளும் முதலில் பங்கர்தான் வெட்டுவார்கள். இவர் மண்வெட்டியை எடுத்தால் முதலில் வெட்டுவது கக்கூசுக் குழி. தன் பெண்சாதிக்கு. விசுவமடுவில் வெட்டினார், சுதந்திரபுரத்தில் வெட்டினார். ஷெல் விழுகிறது, முதலில் பங்கரை வெட்டடா விசரா என்று மாமனார் கத்துவார். அவள் பகல் முழுக்க அடக்கிக்கொண்டு இருக்கிறாள் மாமா என்று மட்டும் சொல்லிவிட்டு வெட்டிக்கொண்டிருப்பார். சுற்றி மறைக்க ஒன்றும் கிடைக்காமல், உடுக்க இருந்த இரண்டு சாரத்தில் ஒன்றைக் கிழித்துக் கட்டினார். மாத்தளனில் மணல், வெட்ட வெட்டச் சரிந்தது. எங்கேயோ போய் அடியில்லாத தகரப் பீப்பா ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து உள்ளே இறக்கினார். பக்கத்துக் கூடாரப் பெண்கள் எல்லாம் அதற்கு வரிசையில் நின்றார்கள். ஒரு நாளும் அவளுடைய கையைப் பிடித்து அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அப்போது அவள் அவருக்கு உண்மையான பெண்சாதிகூட இல்லை. இதை எந்த நாவலில் பிள்ளை நான் தேடுறது என்று கேட்டேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை. தலையை நிமிர்த்தினேன். பின்சுவரோரம், ஆடிக்கொண்டிருந்த ஒலிவாங்கிக் காலைச் சரிசெய்யவென்று சபை கூப்பிட்டிருந்த ஆள் ஸ்பானரும் கையுமாக நின்றுகொண்டிருந்தார். சிவரூபன். காது இரண்டும் சிவந்து போயிருந்தது.

வீட்டுக்குத் தனித்தனியாக வந்தோம். நாளைக்குப் பதினைந்து.

ஒக்ரோபர் 15, புதன்

விடிய நான் அடுப்பை மூட்டிக்கொண்டிருந்தபோது குசினி வாசலில் வந்து நின்றார். தேத்தண்ணீருக்கு வந்தார் என்று நினைத்தேன்.

"போகேல்லை எண்டு அண்ணாட்டச் சொல்லிப்போட்டன். போன கிழமையே சொல்லிப்போட்டன்."

ஏன் என்று கேட்டேன்.

"அது என்ர முடிவு. அதுக்காக நீர் இருக்கோணும் எண்டு இல்லை. உம்மட்ட அண்டைக்குக் கலியாணத்துக்கு விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. உம்மட அப்பா கேக்கேல்லை, என்ர அம்மா கேக்கேல்லை, நானும் கேக்கேல்லை. பதிஞ்சா உமக்குப் போக ஒரு வழி இல்லாமப் போயிடும் எண்டுதான் விட்டனான்."

எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். நாவலில் என்றால் வந்திருக்கும். வந்தது ஆத்திரம். பதினெட்டு வருடம். அவருக்காகத்தான் அந்தக் கதவு திறந்து கிடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அவர் அதை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். இருவருக்கும் குளிர் பிடித்ததுதான் மிச்சம். நடமாடும் சேவை வந்தபோதெல்லாம் நான் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கிடந்தது இந்த மனுசனுக்குத் தெரியுமா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என்ன, வாய் வெந்தா போயிருக்கும்?

வாயைத் திறந்தால் கத்தியிருப்பேன். தேத்தண்ணீரை மேசையில் வைத்துவிட்டு, அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு வெளிக்கிடுங்கோ என்று மட்டும் சொன்னேன். மோட்டார் சைக்கிளில் விவாகப் பதிவாளரிடம் போய், கலியாணம் பதிய அறிவித்தல் கொடுத்தோம். திரும்பி வரும்போது, கோபமோ என்று கேட்டார். றோட்டைப் பாத்து ஓடுங்கோ என்றேன்.

செயலாளர் கடும் கோபத்தில் இருக்கிறாராம். அலமாரியில் புத்தகம் ஒன்றும் இல்லை, பிள்ளைகள் எல்லாவற்றையும் இரவல் எடுத்துவிட்டார்கள். எவ்வளவு மோசம் என்று பார்க்கப் போகிறார்களாம்.

நவம்பர் 3, திங்கள்

நல்ல மழை. பதிவுக் கந்தோரில் கூரை ஒழுகியது, வாளி வைத்திருந்தார்கள். சாட்சிக்கு ஒட்டுக்கடையில் வேலை செய்யும் இருவர் வந்தார்கள். பதிவாளருக்குக் கடும் தடிமன், மூக்கைத் துடைத்துத் துடைத்து எழுதிக்கொண்டிருந்தார். தினம் எத்தனை பேரைக் கேட்கிறாரோ, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்தான் என்னையும் கேட்டார்.

"தங்கச்சி, இவரைக் கலியாணம் செய்ய உங்களுக்கு விருப்பமோ? ஆரும் வற்புறுத்தேல்லையே?"

என்னிடம் இதை ஒருவர் கேட்பது இதுதான் முதல் தடவை. நான் பக்கத்தில் திரும்பிப் பார்த்தேன். இவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மேசை விளிம்பையே பார்த்தபடி இருந்தார். ஷெல்லுக்கு நடுவில் குழி வெட்டிய மனுசன். அந்த முகத்தில் அப்படி ஒரு பயத்தை நான் அப்போதுகூடக் கண்டதில்லை. பதினெட்டு வருடத்துக்குத் தண்டனையாக ஒரு நிமிடமாவது தவிக்கட்டும் என்றுதான் நினைத்து வந்திருந்தேன். முடியவில்லை.

"விருப்பம்" என்றேன். "நல்ல விருப்பம்."

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. இவர் அழத் தொடங்கிவிட்டார். சத்தம் போட்டு, தோள் குலுங்க, சின்னப் பிள்ளை மாதிரி. சாட்சிக்கு வந்த இருவரும் வெளியே மழையைப் பார்க்கத் தொடங்கினார்கள். பதிவாளர் அப்போதுதான் முதன்முறையாகப் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்தார். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி இவரிடம் குனிந்தார்.

"தம்பி, பயப்பிடாமச் சொல்லுங்கோ. உங்களை ஆரும் வெருட்டிக் கூட்டிக்கொண்டு வந்தவையோ?"

இவர் இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி ஆட்டினார். தலையாட்டினால் காணாது, வாயால் சொல்ல வேண்டும் என்றார் பதிவாளர்.

நானும் இவரிடம் அதையேதான் சொன்னேன்.